சிஆர்பி எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு

கொரோனா வந்து போன பிறகு எங்கள் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு புதுக் கேள்வி ஒட்டிக்கொண்டது. யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் "சிஆர்பி எவ்வளவாம்?" என்று கேட்கிறார்கள், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கிற இரத்தப் பரிசோதனை அது. முன்பு சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்பதோடு நின்றுவிடும். இப்போது கொழுந்து மலையில் நிற்கிற அக்காமாருக்கும் சிஆர்பி தெரியும், அது கூடினால் உடம்புக்குள் ஏதோ கிருமி வேலை செய்கிறது என்றும் தெரியும். இது நல்ல விஷயம்தான், அறிவு பரவுவதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீனி வியாதிக்காரருக்குக் காலில் புண் என்று வரும்போது, அந்த ஒரு எண்ணைக் கேட்ட கையோடு "அப்படீன்னா கால எடுத்துருவாங்க" என்றோ "அப்படீன்னா பயமில்ல" என்றோ தீர்ப்பே சொல்லிவிடுகிறார்கள். இந்த இரண்டு தீர்ப்பும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பிழையாகிப்போனதை 2022இல் ஒரு வார்டில் நின்று பார்த்தவன் நான். அது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாமா, அதாவது அம்மாவின் கடைசித் தம்பி, தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சீனி வியாதி வந்து பல வருஷம். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் மழையும் குளிரும் எப்படி இருக்கும் என்று மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விறகடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டிக் குளிர் காய்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. சீனி வியாதி நாள்பட்டால் பாதத்தின் நரம்பு செத்துப்போகும், சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது. மாமாவின் பெருவிரலுக்கு அடியில் வெந்துபோனது அவருக்கே தெரியாது. காலுறையில் ஈரம் பட்டிருப்பதையும் ஒரு வாடை வருவதையும் அத்தைதான் கவனித்தார். கோப்பித்தூள் வைத்துக் கட்டினார்கள். மலைநாட்டில் கோப்பித்தூள் வைக்காத புண் இருக்கிறதா?

## காய்ச்சல் இல்லை, வெள்ளை அணு சரி

முதலில் போன இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே காய்ச்சல் பார்த்தார்கள், இல்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வெள்ளை அணு 9,800, அதாவது சாதாரண அளவுக்குள். கட்டு மாற்றி, குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. மாமாவுக்கு வலியும் இல்லை, வலி இல்லாத புண்ணை யார் பெரிதாக எடுப்பார்கள்?

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நீரிழிவுக்காரரின் காலில் ஆழமான தொற்று, எலும்பு வரைக்கும் போயிருந்தாலும், காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம். வெள்ளை அணு கூடாமலும் இருக்கலாம். நீரிழிவு உடம்பு, அதுவும் வயதான உடம்பு, சத்தம் போட வேண்டிய இடத்தில் சத்தம் போடுவதில்லை. வெள்ளை அணு 12,000க்கு மேலே போனாலோ 4,000க்குக் கீழே வந்தாலோ, காய்ச்சல் 38 பாகை செல்சியசுக்கு மேலே போனாலோ, நாடித்துடிப்பு 90ஐத் தாண்டினாலோ, மூச்சு நிமிஷத்துக்கு 20ஐத் தாண்டினாலோ வைத்தியர்கள் எச்சரிக்கையாகிறார்கள். இதில் இரண்டு சேர்ந்தால் கடுமையான தொற்று என்று வைத்துக்கொள்கிறார்கள். சரி. ஆனால் இதில் ஒன்றுமே இல்லை என்பதற்காகக் கால் பத்திரமாக இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும், விரலுக்கு இடையில் பார்க்க வேண்டும், சிவப்பு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அது பெட்ரோல் வரிசைக் காலம். த்ரீவீலர் ஓடுவதே அபூர்வம், பஸ்ஸும் நினைத்த நேரத்துக்கு இல்லை. அத்தை அப்போதும் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று 2021இல் வர்த்தமானி வந்துவிட்டது, ஆனாலும் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் போடுவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்கு அதுவும் இல்லை. இப்படியெல்லாம் நாள் தள்ளிப்போய், பாதம் வீங்கிய பிறகுதான் மாமாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சிஆர்பி 186. அழற்சியைக் காட்டுகிற இன்னொரு இரத்தப் பரிசோதனையான ஈஎஸ்ஆர் 105. இரண்டுமே மிகக் கூடுதல். சத்திரசிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் டொக்டர் ஒருவர் மெல்லிய உலோகக் குச்சி ஒன்றைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டார். உள்ளே போய் கடினமாக ஒன்றில் தட்டியது. "எலும்பு" என்றார் சிங்களத்தில். 1995இல் அமெரிக்க வைத்தியர்கள் எழுதி வைத்த பரிசோதனை இது. மின்சாரமும் இயந்திரமும் தேவையில்லை, சுத்தமான குச்சியும் பழகிய கையும் போதும். முதலில் போன இடத்திலும் இதைச் செய்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

## ஒரே தாள், ஒரே மாலை

பெருவிரலையும் அதற்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கிற எலும்பில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். மறுநாள் திரும்பவும் சிஆர்பி பார்க்க வேண்டும் என்றார்கள். அப்போது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பரிசோதனைக்கு வேண்டிய இரசாயனமே தட்டுப்பாடு, அதனால் இரத்தத்தை வெளியே ஒரு தனியார் லேபுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். மச்சான்தான், மாமாவின் மகன், கொண்டுபோனான். மாலையில் தாளோடு வந்து படியேறும்போதே சத்தமாகச் சொன்னான்: "இருபத்தொன்னுக்கு வந்துருச்சு!" தாளில் 21.2 என்று இருந்தது. 186இலிருந்து 21. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். "டிக்கட் வெட்டச் சொல்லுங்க தம்பி, வீட்டுக்குப் போயிருவோம்" என்றார். வீட்டில் இரண்டு ஆடு, ஒரு மாடு, பள்ளிக்கூடம் போகிற பேத்தி. அவருக்கும் எத்தனை நாள் வார்டுக்கு வெளியே வாங்கிலில் படுப்பது?

தாளை வாங்கிப் பார்த்த தாதி பதுளைப் பக்கத்துப் பிள்ளை, நல்ல தமிழ். "அம்மா, கொஞ்சம் பொறுங்க" என்று எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார். ஆஸ்பத்திரி லேப் லீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறது. வெளி லேப் டெசிலீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. ஒரு லீட்டரில் பத்து டெசிலீட்டர். அப்படியென்றால் 21.2 என்பது நம் கணக்கில் 212. குறையவில்லை, கூடியிருக்கிறது. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப கால எடுத்துருவாங்களா மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மச்சான் உடனே வேறு ஒரு முடிவுக்கு வந்தான், முழங்கால் வரை வெட்டுவதற்கு முன்னால் மாமாவைக் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்து நாட்டு வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும் என்றான். கோபத்தில் சொன்னான் என்று நினைக்காதீர்கள், அப்பாவின் காலைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில்தான் சொன்னான்.

இரவு டொக்டர் வந்தார். அரைத் தமிழிலும் சிங்களத்திலும், தாதி இடையில் நின்று சொல்லிக்கொடுக்க, அவர் விளக்கியது இதுதான். சிஆர்பி ஈரலில் ஊறுகிற ஒரு புரதம். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் ஊறும், கிருமியால் வந்தாலும் கத்தியால் வந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஒப்பரேஷன் செய்தாலே இரண்டு மூன்று நாளைக்கு ஏறும். ஆகவே இந்த 212ஐப் பார்த்து ஒப்பரேஷன் பிழையாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது, பலித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அதன் அரை ஆயுள் 19 மணித்தியாலம் அளவில், அழற்சியின் மூலம் போய்விட்டால் வேகமாக விழும். "மூணாவது நாள், நாலாவது நாள் பாக்கணும் ஐயா. அப்ப எறங்கல்லன்னா உள்ள இன்னும் சீழ் இருக்கு, திரும்பத் திறக்கணும். எறங்கினா பயமில்ல." இவ்வளவுதான் சொன்னார். அதற்குள் மாமாவின் பாதத்தில் சிவப்பு எதுவரை என்று பேனாவால் ஒரு கோடும் போட்டார், நாளைக்கு அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதற்கு.

அந்த ஒரு தாள் அந்த ஒரு மாலையில் எங்களுக்கு மூன்று விதமாக மாறியது. முதலில் சுகம், பிறகு கால் போச்சு, கடைசியில் இன்னும் ஒன்றும் தெரியாது. தாளில் மை மாறவே இல்லை. இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: கால் புண்ணில் ஒரு தடவை எடுத்த சிஆர்பி ஒரு கேள்வியைத்தான் எழுப்பும், பதில் இரண்டாவது மூன்றாவது தாளில்தான் வரும். எங்கள் மலைகளில் அந்த இரண்டாவது தாளுக்குத்தான் பஞ்சம். முதல் தாள் எப்படியாவது எடுக்கப்படும். அடுத்ததற்கு இன்னொரு நாள் சம்பளம், இன்னொரு பஸ், இன்னொரு ஆள் துணைக்கு வேண்டும். அதனால் முதல் எண்ணையே கடைசி எண்ணாக எடுத்துக்கொண்டு முடிவெடுக்கிறோம்.

மச்சானை அன்றிரவு வார்டு வாசலில் வைத்துப் பேசிப் பேசி நிறுத்தினோம். அடுத்த தாளில் 131, அதற்கடுத்ததில் 58. சிவப்பு கோட்டுக்குள்ளேயே சுருங்கியது. மாமாவின் பாதம் நின்றது.

## பக்கத்துக் கட்டில்

இதை இங்கேயே முடித்திருந்தால் "சிஆர்பி இறங்கினால் கால் தப்பும்" என்று இன்னொரு தீர்ப்பாகிவிடும். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார், வாழ்க்கை முழுக்கச் சுருட்டு பிடித்தவர். அவருடைய மகன் வந்த நாளிலிருந்து எங்களிடம் சொன்னது, "அப்பாவுக்கு ஒன்பதுதான், பயமில்லன்னு நெனைக்கிறேன்" என்று. லீட்டருக்கு மில்லிகிராமில்தான் ஒன்பது, அதில் குழப்பம் இல்லை. ஆனால் பெரியவர் இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டுதான் தூங்குவார், படுத்தால் வலி தாங்காது என்பார். விரல்கள் மூன்று கறுத்து, காய்ந்து, சுருங்கியிருந்தன. சீழ் இல்லை, வாடை இல்லை. அவருடைய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அவருக்குக் கிருமி பெரிதாக இல்லை. இரத்தம்தான் போகவில்லை. காலுக்குப் போகிற நாடிகள், அதாவது இரத்தக்குழாய்கள், அடைத்துவிட்டன. சிஆர்பி அழற்சியைச் சொல்லும், காலுக்கு இரத்தம் போகிறதா என்பதை அது சொல்லாது. அதற்குப் பாதத்தில் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும், கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து ஒப்பிட வேண்டும், டொப்ளர் என்ற கருவியை வைத்து இரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். கணுக்கால் பிரஷரிலும் ஒரு சூது இருக்கிறது. நீரிழிவுக்காரருக்கு நாடியின் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால், அடைப்பு இருந்தாலும் எண் நன்றாக இருக்கிற மாதிரி காட்டும். 2014இலிருந்து இரத்தநாளச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஒரு காலின் ஆபத்தை மதிப்பிடும்போது புண், இரத்த ஓட்டம், தொற்று என்று மூன்றையும் தனித்தனியாகப் புள்ளி போட்டுத்தான் சேர்த்துப் பார்க்கிறார்கள். இரத்தத்தில் பார்க்கிற அழற்சிக் குறிகள் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் உதவும், அதுவும் பாதி அளவுக்கு.

186க்குப் பாதம் நின்றது, 9க்குக் கால் போனது. அந்த மகனின் முகத்தைப் பார்த்தபோது நான் என்ன சொல்வது? அவர் எண்ணை நம்பியதில் தப்பே இல்லை, அந்த எண்ணோடு சேர்த்து வேறு என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அப்படியென்றால் இந்தப் பரிசோதனைகள் எதற்கு என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வரும்போது சிஆர்பி, ஈஎஸ்ஆர், வெள்ளை அணு இவையெல்லாம் கூடியும் அல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்தும் இருக்கிறவர்கள் மத்தியில் கால் இழப்பு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. காரணமும் விளங்காதது இல்லை. பாதத்துக்குள் தசைநார்கள் ஓடுகிற ஒடுக்கமான அறைகள் வழியாகச் சீழ் மேலே ஏறும், உள்ளே அழுத்தம் கூடும், விரல்களுக்குப் போகிற சின்ன நாடிகளில் இரத்தம் உறையும், பிறகு விரல் கறுக்கும். அந்த வேகம் இரத்தத்தில் தெரியும். 2017இல் வந்த ஒரு பெரிய மருத்துவ மீளாய்வு நீரிழிவுக் கால் புண்களில் பாதிக்கு மேல் தொற்றாகின்றன என்றும், அதில் நடுத்தர அல்லது கடுமையான தொற்றுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஏதோ ஒரு அளவு உறுப்பு நீக்கத்தில் முடிகிறது என்றும் சொல்கிறது. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னதை என் மாமாவின் கட்டிலில் கொண்டுவந்து வைத்து "உங்களுக்குப் போகும், உங்களுக்குத் தங்கும்" என்று பிரிக்க முடியாது.

## ஈஎஸ்ஆர், அதுவும் எங்கள் பெண்களுக்கு

ஈஎஸ்ஆர் பழைய பரிசோதனை, 1920களில் சுவீடன் வைத்தியர் வெஸ்டர்கிரென் வகுத்த முறையில்தான் இன்றும் பார்க்கிறார்கள். நீளமான குழாயில் இரத்தத்தை நிறுத்தி வைத்து ஒரு மணித்தியாலத்தில் சிவப்பணு எத்தனை மில்லிமீற்றர் கீழே இறங்குகிறது என்று பார்ப்பது. கால் புண்ணில் இது 70ஐத் தாண்டினால் எலும்பில் தொற்று இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும், குச்சி எலும்பில் தட்டினால் அந்தச் சந்தேகம் இன்னும் உறுதியாகும். மாமாவுக்கு இரண்டும் இருந்தன.

ஆனால் இரத்தம் குறைந்தவர்களுக்கு ஈஎஸ்ஆர் தானாகவே கூடும். வயது போனாலும் கூடும், சிறுநீரகம் பழுதானாலும் கூடும். தோட்டத்துப் பெண்களில் இரத்தச் சோகை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று நமக்குத் தெரியும். மழை நாளில் கொழுந்தைத் தராசில் போட்டால் இலையோடு தண்ணீரும் சேர்ந்து நிறுக்கிற மாதிரி, அவர்களுடைய ஈஎஸ்ஆரில் சோகையின் பாரமும் சேர்ந்துதான் இருக்கும். தண்ணீருக்குக் கழிக்க மட்டும் மறக்காத ஊர் இது, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்து ஈஎஸ்ஆரைக் கழித்துப் படிக்கவும் பழக வேண்டும். இன்னொன்று, சிஆர்பி நாள் கணக்கில் இறங்கும், ஈஎஸ்ஆர் இறங்கக் கிழமைகள், சிலருக்கு மாதங்களே ஆகும். மாமா வீட்டுக்கு வந்து புண் மூடிய பிறகும் ஈஎஸ்ஆர் 60க்கு மேலே இருந்தது, அத்தை பயந்துபோனார். கிளினிக் டொக்டர் முந்தைய தாள்களை வரிசையாக வைத்துக் காட்டினார், 105, 88, 64. இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

## தாள் அச்சிடுகிறவர்களிடம்

பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கூட வேலை செய்கிற நண்பர் ஒருவருக்கு இதில் ஆர்வம் உண்டு. அவர் சொல்கிறார், முழு இரத்தப் பரிசோதனைத் தாளிலேயே வெள்ளை அணுவின் இரண்டு வகைகளான நியூட்ரோபில் எத்தனை வீதம், லிம்போசைட் எத்தனை வீதம் என்று இருக்கிறதே, ஒன்றை மற்றதால் வகுத்து அந்த விகிதத்தையும் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன, செலவே இல்லையே என்று. மாமாவின் முதல் தாளில், அதாவது வெள்ளை அணு சரி என்று அனுப்பிவிட்ட அதே தாளில், நியூட்ரோபில் 84, லிம்போசைட் 9. வகுத்தால் ஒன்பதுக்கு மேலே வருகிறது, சாதாரணமாக அது ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கும். மொத்த எண்ணிக்கை அமைதியாக இருந்தபோது உள்ளே விகிதம் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இந்த விகிதம் கூடியவர்களுக்குக் கால் இழப்பு கூடுதல் என்று துருக்கியிலும் சீனாவிலும் ஆய்வுகள் வந்திருக்கின்றன.

எனக்கும் அந்தத் தாளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஆனாலும் நண்பரோடு நான் உடன்படவில்லை. எந்த எண்ணுக்கு மேலே ஆபத்து என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஸ்டீரொயிட் மருந்து எடுத்தால் கூடும், வேறு நோயின் அழுத்தத்திலும் கூடும். வைத்தியர் பார்க்கட்டும், நல்லது, அவர் கையில் அது இன்னொரு தடயம். எங்கள் கையில் அச்சிட்டுக் கொடுத்தால் லயத்துக்கு லயம் இன்னொரு தீர்ப்பு எண் உலாவும்.

நான் கேட்பது அதைவிடச் சின்னது. லேப் நடத்துகிறவர்களே, சிஆர்பி எண்ணுக்குப் பக்கத்தில் அலகைப் பெரிய எழுத்தில் போடுங்கள், நாடு முழுக்க லீட்டருக்கு மில்லிகிராம் என்று ஒரே அலகில் போட்டால் இன்னும் நல்லது. முந்தைய எண் உங்கள் கணினியில் இருந்தால் அதையும் திகதியோடு பக்கத்தில் அச்சிடுங்கள். வீட்டில் இருக்கிறவர்களே, எண்ணைப் போனில் வாசித்துச் சொல்லாதீர்கள், தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி, எண், அலகு, அந்த நாளில் கால் எப்படி இருந்தது என்று நாலையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். டொக்டரிடம் "கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா, அடுத்தது எப்ப பாக்கணும், காலுக்கு ரத்தம் போகுதா" என்று கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். விரல் கறுத்தால், வாடை வந்தால், சிவப்பு மேலே ஓடினால், பாதம் சில்லென்று போனால், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தத் தாளில் எந்த எண் இருந்தாலும், அன்றைக்கே போங்கள். அப்புறம், அடுப்பங்கரையில் குளிர் காய்கிற சீனி வியாதிக்காரர் வீட்டில் இருந்தால் அவருடைய பலகையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடுங்கள், இரவில் படுக்கப் போகுமுன் பாதத்தைத் திருப்பி ஒருதரம் பாருங்கள்.